கதவைத் திறக்கும் உரிமை யாருடையது? தூதரகப் புகலிடமும் அம்பலப்படுத்தியவர்களின் கதியும்

2012 ஆகஸ்ட் மாதம். லண்டனில் ஹாரட்ஸ் பேரங்காடிக்குப் பின்புறத் தெருவில் காவலுக்கு நின்ற போலீஸ் அதிகாரி ஒருவர், கையில் ஒரு குறிப்புத் தாளை வைத்திருந்தார். எழுத்து வெளிப்பக்கம் தெரிவதை அவர் கவனிக்கவில்லை. எதிரே நின்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் கவனித்துவிட்டார். அரசு ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சேயை எந்தச் சூழ்நிலையிலும் கைது செய்ய வேண்டும் என்பது அந்தத் தாளில் இருந்த உத்தரவு. தூதரக வாகனத்தில் ஏறி வந்தாலும் சரி, உள்ளூர் அரசு திறக்கக் கூடாத, முத்திரையிட்ட தூதரகப் பையாகக் கட்டி எடுத்துவரப்பட்டாலும் சரி, பிடித்துவிட வேண்டும்.

ஒரு மனிதனைப் பைக்குள் வைத்துக் கடத்துவார்களா என்று தோன்றலாம். அதே இங்கிலாந்தில் அது நடக்க இருந்தது. 1984 ஜூலையில் நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோவை லண்டனில் கடத்தி, மயக்க மருந்து கொடுத்து, மரப்பெட்டிக்குள் அடைத்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தூதரகப் பைக்கு உரிய முத்திரையும் ஆவணமும் முறைப்படி இல்லாததால் சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள். அவர் உயிரோடு இருந்தார். முறையான முத்திரை இருந்திருந்தால், பெட்டியைத் திறக்கலாமா என்பதே பெரிய சட்டச் சிக்கலாகியிருக்கும்.

அந்த உத்தரவைக் கையில் வைத்திருந்த அதிகாரியால் செய்ய முடியாத காரியம் ஒன்று இருந்தது: எதிரே இருந்த கட்டடத்துக்குள் நுழைவது. அங்கே ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் ஈக்வடார் தூதரகம் இயங்கியது. அசாஞ்சே அதற்குள் தஞ்சம் புகுந்திருந்தார். நடைபாதையிலிருந்து பார்த்தால் பால்கனியில் நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரியும். அவ்வளவு அருகில் இருந்த மனிதரைப் பிடிக்க முடியாமல் லண்டன் போலீஸ் 2015 அக்டோபர் வரை இரவு பகலாக அங்கே காவல் இருந்தது. அதற்கு ஆன செலவு ஒரு கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு மேல்.

அவர்களைத் தடுத்தது 1961இல் கையெழுத்தான, தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கை. அதன் 22ஆவது பிரிவு சுருக்கமானது. தூதரக வளாகம் மீறப்படக் கூடாதது. தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அரசின் ஆட்கள் உள்ளே நுழையக் கூடாது. யாரும் அத்துமீறி நுழையாமல் பார்த்துக்கொள்வதும் உள்ளூர் அரசின் தனிப்பட்ட கடமை. நுழைவதற்கு நீதிமன்ற வாரண்ட் போதாது. அவசரத்துக்கென்று விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. உடன்படிக்கையை வரைந்த காலத்தில் தீ விபத்து போன்ற அவசர நிலைகளுக்காவது விலக்கு வேண்டும் என்று பேச்சு எழுந்தது. விலக்கு கொடுத்தால் அதுவே சாக்காகிவிடும் என்ற அச்சத்தில் விட்டுவிட்டார்கள்.

நம் செய்திகளிலும் பேச்சிலும் அடிக்கடி வரும் ஒரு பிழையை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். தூதரகம் அந்நிய நாட்டு மண் அல்ல. ஹாரட்ஸுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடு பிரிட்டிஷ் மண்தான். அங்கே நடக்கும் குற்றம் பிரிட்டிஷ் சட்டப்படியும் குற்றம்தான். உள்ளே போகும் அதிகாரம் மட்டுமே பிரிட்டிஷ் அரசுக்கு இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது புரியும். மண் ஈக்வடாருடையது என்றால் அங்கே நிற்பவர் ஈக்வடாரில் இருப்பவர் ஆவார். உண்மை நிலையில் அவர் லண்டனில், போலீஸ் நுழைய முடியாத ஓர் அறையில் இருந்தார். அறைக்கு வெளியே ஒரு அடி எடுத்துவைத்தாலும் கைதுதான்.

பிரிட்டனுக்கு இந்த விதியின் கசப்பு முன்பே தெரியும். 1984 ஏப்ரல் 17 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்தின் முன்னே ஆர்ப்பாட்டம் நடந்தது. கட்டடத்துக்குள்ளிருந்து யாரோ சுட்டதில் காவல் பணியில் இருந்த இவோன் ஃபிளெச்சர் என்ற பெண் போலீஸ் இறந்தார். வயது 25. போலீஸ் கட்டடத்தைப் பத்து நாளுக்கு மேல் முற்றுகையிட்டது. உள்ளே நுழையவில்லை. கடைசியில் உள்ளே இருந்த அனைவரும் லிபியாவுக்கு அனுப்பிவைக்கப்பட்டார்கள். அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. இந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் 1987ஆம் ஆண்டின் தூதரக வளாகச் சட்டம்: ஒரு கட்டடம் தூதரக வேலைக்குப் பயன்படாமல் போனால், அதற்கு அளித்த தகுதியை அரசு திரும்பப் பெறலாம்.

25 ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்ட் 15 அன்று அந்தச் சட்டத்தை பிரிட்டன் தூசு தட்டி எடுத்தது. அசாஞ்சேயைத் தூதரகத்துக்குள்ளேயே கைது செய்ய 1987 சட்டத்தில் எங்களுக்கு இடமிருக்கிறது என்று ஈக்வடாருக்கு ஒரு கடிதம் போனது. ஈக்வடார் வெளியுறவு அமைச்சர் ரிக்கார்டோ பாட்டின்யோ அதைப் பகிரங்கமாக வெளியிட்டு, நாங்கள் பிரிட்டனின் காலனி அல்ல என்று முழங்கினார். மறுநாளே அசாஞ்சேக்குப் புகலிடம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டன் எழுதிய அந்தக் கடிதம் பெரிய தவறு என்பது என் எண்ணம். சர்வதேசச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே தகுதியைத் திரும்பப் பெறலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் தூதரகம் ஒன்றின் மீது அதைப் பாய்ச்சியிருந்தால், உலகின் வேறு மூலைகளில் இருந்த பிரிட்டிஷ் தூதரகங்களின் கதவுகளும் அன்றே பலவீனப்பட்டிருக்கும்.

ஆக, கட்டடத்தைக் காக்கும் சட்டம் மிக உறுதியானது. ஆனால், உள்ளே அடைக்கலம் புகுந்தவரைக் காக்கும் சட்டம் எங்கே இருக்கிறது?

வியன்னா உடன்படிக்கையில் ‘புகலிடம்’ என்ற சொல்லே இல்லை. அதைப் பற்றி எழுதியவை லத்தீன் அமெரிக்க நாடுகள் மட்டுமே. ஆட்சிக் கவிழ்ப்பு அடிக்கடி நடந்த கண்டம் அது. இன்று மந்திரி, நாளை தேடப்படுபவர். அதனால் ஒருவர் வீட்டில் மற்றவர் ஒளிந்துகொள்ளும் வழக்கத்தை அந்த நாடுகள் சட்டமாகவே ஆக்கிக்கொண்டன.

அந்த வழக்கம் உலக நீதிமன்றத்துக்குப் போன கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெருவின் மக்கள் தலைவர்களில் ஒருவரான விக்டர் ராவுல் ஆயா டி லா டோரே, 1948 அக்டோபரில் நடந்து தோற்றுப்போன ராணுவக் கலகம் ஒன்றுக்காகத் தேடப்பட்டார். 1949 ஜனவரி 3 இரவு லிமாவில் இருந்த கொலம்பியத் தூதரகத்துக்குள் போனார். இவர் அரசியல் குற்றம் சாட்டப்பட்டவர், நாட்டைவிட்டுப் பாதுகாப்பாக வெளியேற அனுமதி கொடுங்கள் என்று கொலம்பியா கேட்டது. அவர் சாதாரணக் குற்றவாளி, ஒப்படையுங்கள் என்றது பெரு. இரண்டு நாடுகளும் தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின.

1950 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவர் மீதுள்ள குற்றச்சாட்டு அரசியல் தன்மை கொண்டதா என்று தஞ்சம் கொடுத்த நாடு தன்னிச்சையாக முடிவு செய்து, அதை மற்ற நாட்டின் தலையில் கட்ட முடியாது. பெரு வெளியேற அனுமதி கொடுக்கக் கடமைப்படவில்லை. கலகம் நடந்து மூன்று மாதம் கழித்துக் கொடுத்த தஞ்சம் முறையானதும் அல்ல. சரி, அப்படியானால் அவரை ஒப்படைக்க வேண்டுமா? கொலம்பியா மறுபடி கேட்டது. 1951 ஜூனில் இரண்டாவது தீர்ப்பு: தஞ்சம் முடிவுக்கு வர வேண்டும், ஆனால் கொலம்பியா அவரை ஒப்படைக்க வேண்டிய கடமை இல்லை. முடிவுக்குக் கொண்டுவரும் வழியை நீதிமன்றம் சொல்லவில்லை; நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது.

அந்த மனிதர் அந்த வீட்டுக்குள் ஐந்து ஆண்டு இருந்தார். 1954இல்தான் வெளியேற முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் லத்தீன் அமெரிக்க நாடுகள் காரகாஸ் நகரில் கூடி, தீர்ப்பு விட்ட ஓட்டையை அடைத்தன. குற்றம் அரசியல் தன்மையுடையதா என்பதைத் தஞ்சம் கொடுக்கும் நாடே தீர்மானிக்கும். உள்ளூர் அரசு வெளியேறும் அனுமதியைக் கொடுத்தே தீர வேண்டும். காரகாஸ் உடன்படிக்கையின் உயிர்நாடி இந்த இரண்டு வரிகள்தான்.

அரசு ரகசியங்களை அம்பலப்படுத்தியவர்களுக்கு முதல் வரி ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். அவர்கள் மீது வரும் குற்றச்சாட்டு பெரும்பாலும் உளவு, திருட்டு, ரகசியக் காப்புப் பிரமாண மீறல் என்ற பெயரில் வரும். அமெரிக்காவின் 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ், பொதுநலனுக்காகத்தான் வெளியிட்டேன் என்ற வாதத்துக்கே இடமில்லை. எதிரி நாட்டுக்கு விற்றவரும் சொந்த நாட்டு மக்களுக்குச் சொன்னவரும் அங்கே ஒரே தட்டில் நிற்கிறார்கள். ஆகவே இது அரசியல் வழக்கா, வெறும் குற்ற வழக்கா என்ற கேள்வியை யார் தீர்மானிப்பது என்பதில்தான் அவர்களுடைய வாழ்க்கை தொங்குகிறது. வழக்குப் போட்ட அரசே தீர்மானிக்கும் என்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

காரகாஸ் உடன்படிக்கையில் ஈக்வடார் கையெழுத்திட்டிருக்கிறது. பிரிட்டன் இல்லை, அமெரிக்காவும் இல்லை. 1974இல் இதை உலகம் முழுவதற்குமான சட்டமாக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் ஒரு நாடு முயன்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சிலியில் பினோசே ஆட்சியைக் கைப்பற்றியபோது, சாந்தியாகோ நகரத் தூதரகங்களின் சுவரேறிக் குதித்து ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்திருந்தார்கள். முயன்ற நாடு ஆஸ்திரேலியா, அசாஞ்சேயின் தாய்நாடு. பெரும்பாலான அரசுகள் ஆர்வம் காட்டவில்லை. முயற்சி கிடப்பில் போடப்பட்டது.

இந்தியாவும் இதில் ஆர்வம் காட்டாத நாடுதான். அதற்குப் பின்னால் டெல்லியில் நடந்த ஒரு கதை உண்டு. 1967 மார்ச் 6 அன்று மாலை, டெல்லியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஒரு பெண் நடந்து போனார். பெயர் ஸ்வெத்லானா, ஸ்டாலினின் மகள். தன் இந்தியத் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியைக் கரைக்க வந்தவர், சோவியத் நாட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அங்கே போனார். அமெரிக்கர்கள் அன்றிரவே விசா கொடுத்து அவரை ரோமுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். விஷயம் தெரிந்தபோது அவர் இந்தியாவில் இல்லை. சோவியத் நட்பைப் பெரிதாக மதித்த டெல்லிக்கு அது பெரிய சங்கடம். அந்த ஆண்டு இறுதியில், தூதரக வளாகத்துக்குள் தஞ்சம் கொடுக்கும் உரிமையை நாங்கள் ஏற்கவில்லை என்று எல்லா வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் இந்தியா எழுத்து மூலம் தெரிவித்தது.

மறுபடி லண்டனுக்கு வருவோம். 2012 மே மாதத்தில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அசாஞ்சேயை ஸ்வீடனுக்கு அனுப்பலாம் என்று தீர்ப்பளித்தது. அங்கே அவர் மீது பாலியல் புகார் விசாரணை இருந்தது. புகார் கூறிய பெண்களுக்கு விசாரணை கேட்கும் உரிமை முழுமையாக இருந்தது. ரகசியங்களை வெளியிட்டவர் என்பதால் அந்த விசாரணை தேவையில்லை என்று சொல்வது நியாயமல்ல. அசாஞ்சே சொன்னது வேறு: ஸ்வீடன் போனால் அங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்படுவேன். அமெரிக்க ராணுவ ஆய்வாளராக இருந்த செல்சி மேனிங் கொடுத்த ஆவணங்களை அவருடைய விக்கிலீக்ஸ் 2010இல் வெளியிட்டிருந்தது. பாக்தாதில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் காணொளியும் அதில் ஒன்று. உள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவர் மேனிங், அசாஞ்சே வெளியிட்டவர். அம்பலப்படுத்தியவர் என்று இருவரையும் ஒரே சொல்லில் அடக்குகிறோம். ஆனால் அந்த வேறுபாட்டில்தான் பத்திரிகைச் சுதந்திரமே இருக்கிறது.

2012 ஜூன் 19 அன்று அசாஞ்சே தூதரகத்துக்குள் போனார். அமெரிக்கா குறித்த அவருடைய அச்சத்தைப் பலர் கற்பனை என்று ஒதுக்கினார்கள். 2019 ஏப்ரல் 11 அன்று அவர் கைதான சில மணி நேரத்தில் அமெரிக்காவின் குற்றப்பத்திரிகை வெளியே வந்தது. 2018 மார்ச்சிலேயே மூடி முத்திரையிட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். கைதுக்கு அடுத்த மாதமே உளவுச் சட்டத்தின் கீழ் 17 குற்றச்சாட்டுகள் சேர்ந்தன.

அவர் உள்ளே போன நாளுக்கும் கைதான நாளுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு. வீட்டுக்கு முற்றம் இல்லை, தோட்டம் இல்லை. அலுவலக அறையொன்று படுக்கையறை ஆனது. ஓடும் பயிற்சி எந்திரம் ஒன்றும், வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கும் இருந்தன. வெளியில் நின்று பார்த்தவர்களுக்கு அவ்வப்போது ஜன்னலில் ஒரு பூனை தெரிந்தது. அவர் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருப்பதாக ஐ.நா. நிபுணர் குழு 2016 பிப்ரவரியில் கருத்து வெளியிட்டது. அவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாமே என்று பிரிட்டன் பதில் சொன்னது. தூதரகப் பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்ட ஸ்பெயின் நிறுவனம் ஒன்று அவரையும் அவருடைய வழக்கறிஞர்களையும் ஒளிந்து பதிவு செய்தது என்ற குற்றச்சாட்டு, பிறகு ஸ்பெயின் நீதிமன்ற விசாரணைக்குப் போனது. எவரும் நுழையக் கூடாத அறை என்று சட்டம் சொன்ன அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்படுவது இது.

2017இல் ஈக்வடாரில் ஆட்சி மாறியது. தஞ்சம் கொடுத்த ரஃபேல் கொரியா போய், லெனின் மொரேனோ அதிபரானார். அந்த ஆண்டு டிசம்பரில் அசாஞ்சேக்கு ஈக்வடார் குடியுரிமை கொடுத்து, அவரைத் தூதரக அதிகாரியாகவே ஆக்கி வெளியே கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. பிரிட்டன் ஏற்கவில்லை. பிறகு உறவு கசந்தது. இணைய வசதி துண்டிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 11 காலை, மொரேனோ அரசு தஞ்சத்தைத் திரும்பப் பெற்றது. தூதர் அழைத்ததன் பேரில் லண்டன் போலீஸ் உள்ளே போனது. நரைத்த நீண்ட தாடியுடன், கைகால் பிடித்து இழுத்துவரப்பட்ட அந்த மனிதரின் படம் அன்று உலகம் முழுவதும் போனது.

இங்கே ஒரு சட்டமும் மீறப்படவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 22ஆவது பிரிவு தூதரகத் தலைவரின் சம்மதத்தைக் கேட்கிறது, சம்மதம் கிடைத்தது. ஏழு ஆண்டு கதவை மூடி வைத்திருந்த அதே வரிதான் அதைத் திறந்தும் விட்டது. அந்தப் பாதுகாப்பு ஈக்வடார் அரசுக்கு உரியது, உள்ளே படுத்திருந்தவருக்கு உரியதல்ல. அதற்கு ஓராண்டுக்கு முன், 2018 மே மாதம், அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு கருத்துரை அளித்திருந்தது. தூதரகத் தஞ்சம் தனி மனிதரின் உரிமை அல்ல, அரசு விரும்பினால் கொடுப்பது. ஆனாலும் தூதரகத்துக்குள் இருக்கும் ஒருவரை ஆபத்து காத்திருக்கும் இடத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்றது அது. அந்தக் கருத்துரையைக் கேட்டிருந்த நாடு ஈக்வடார்தான். மரண தண்டனை உள்ள நாட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று பிரிட்டன் எழுதிக் கொடுத்திருப்பதாக மொரேனோ சொல்லிக்கொண்டார். அசாஞ்சே லண்டனின் பெல்மார்ஷ் சிறையில் ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்து, 2024 ஜூனில் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்க ஆட்சியில் உள்ள சைபன் தீவில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே ஆஸ்திரேலியா திரும்பினார்.

தூதரகத்துக்குள் போய்ச் சேர முடியாதவர்களின் நிலை இன்னும் கடினம். அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடென் 2013 ஜூன் 23 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் இறங்கினார். அமெரிக்கா அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டு, சுமார் 20 நாடுகளுக்குத் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தார். எங்கள் மண்ணில் கால் வைத்து விண்ணப்பியுங்கள் என்று பல ஐரோப்பிய நாடுகள் பதில் சொல்லின. மாஸ்கோ இந்தியத் தூதரகத்துக்கும் விண்ணப்பம் வந்தது; ஏற்கக் காரணம் எதுவும் இல்லை என்று டெல்லி மறுத்துவிட்டது. அந்த ஜூலையில் பொலிவிய அதிபர் ஈவோ மொராலெஸ் மாஸ்கோவிலிருந்து திரும்பியபோது, ஸ்னோடென் அந்த விமானத்தில் ஒளிந்திருக்கிறார் என்ற சந்தேகத்தில் சில ஐரோப்பிய நாடுகள் வான்வழியை மறுக்க, ஒரு நாட்டின் அதிபரே வியன்னாவில் இறங்கி இரவைக் கழிக்க வேண்டியதாயிற்று. தூதரகங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தான அதே ஊர்.

அமெரிக்கா தூதரகத் தஞ்சத்தை ஏற்பதில்லை என்று 2012 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் கட்டாயக் கருக்கலைப்புகளை வெளிக்கொண்டுவந்த பார்வையற்ற போராளி சென் குவாங்செங், வீட்டுக் காவலிலிருந்து இருட்டில் சுவரேறித் தப்பி பெய்ஜிங் அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவரை ஆறு நாள் வைத்துக் காத்ததும் அமெரிக்காதான். அது சரியான செயல். அப்போது பயன்படுத்திய அளவுகோலை லண்டனுக்குப் பயன்படுத்தவில்லை என்பதே என் புகார்.

தஞ்சம் தவறான ஆட்களுக்கும் போகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. லஞ்ச வழக்குகளில் தண்டனை பெற்ற ஈக்வடாரின் முன்னாள் துணை அதிபர் ஹோர்ஹே கிளாஸ், 2023 டிசம்பரில் அந்நாட்டுத் தலைநகர் கீட்டோவில் இருந்த மெக்சிகோ தூதரகத்துக்குள் போனார். காரகாஸ் உடன்படிக்கைப்படி சாதாரணக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்குத் தஞ்சம் கிடையாது என்ற ஈக்வடாரின் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் ஈக்வடார் செய்தது என்ன? 2024 ஏப்ரல் 5 அன்று மெக்சிகோ தஞ்சத்தை அறிவித்தது. அன்றிரவே ஆயுதம் தாங்கிய போலீசார் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். தூதரகப் பொறுப்பில் இருந்த ரோபெர்ட்டோ கான்செக்கோ, கிளம்பும் வண்டிகளைத் தடுக்க ஓடினார். அவரைத் தரையில் தள்ளினார்கள். கிளாஸை எடுத்துச் சென்றுவிட்டார்கள். 2012இல் லண்டன் கடிதத்தைக் கண்டு கொதித்த நாடு, லண்டன் எழுத மட்டும் செய்ததை நடத்தியே காட்டியது.

தூதரகம் தவறாகப் பயன்பட்டால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இருக்கிறது. 1979இல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியவர்கள், அது உளவாளிகளின் கூடாரம் என்றார்கள். அப்படியே இருந்தாலும் தூதரக அதிகாரிகளை வெளியேற்றலாம், உறவையே முறித்துக்கொள்ளலாம், உள்ளே மட்டும் நுழையக் கூடாது என்று 1980இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீட்டோவிலும் ஈக்வடார் முந்தைய நாளே மெக்சிகோ தூதரை வெளியேறச் சொல்லியிருந்தது. அத்தோடு நின்றிருந்தால் சட்டம் அதன் பக்கம் இருந்திருக்கும்.

மெக்சிகோ உறவை முறித்துக்கொண்டு தி ஹேக் நீதிமன்றத்துக்குப் போனது. ஈக்வடாரும் எதிர் வழக்குப் போட்டது. 2024 மே 23 அன்று நீதிமன்றம் அவசரத் தடை எதுவும் பிறப்பிக்கவில்லை. காலியான தூதரகக் கட்டடத்தையும் ஆவணங்களையும் காப்பதாக ஈக்வடார் வாக்குக் கொடுத்தது என்பதுதான் காரணம். உறவு முறிந்தாலும் கட்டடத்தை மதித்துக் காக்க வேண்டும் என்கிறது வியன்னா உடன்படிக்கையின் 45ஆவது பிரிவு. ஏப்ரல் 5 இரவு சுவரேறிக் குதித்த அதே போலீஸ்தான் அந்தச் சுவருக்கு வெளியே காவல் நிற்க வேண்டும்.